22,000 ரூபாய் பயிற்சியும் ‘கரகம்’ வாசிக்கும் பிள்ளையும்

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். 12 வருஷ சர்வீஸ். ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை என் பொறுப்பு. மூன்றாம் வகுப்பில் 14 பிள்ளைகள். அதில் 5 பேரால் ஒரு வரியைக்கூடச் சேர்த்து வாசிக்க முடியவில்லை. அவர்களில் ஒரு பெண் கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து எழுதுகிறாள். எழுதியதைப் படி என்றால் விழிக்கிறாள். இரண்டு பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வருஷா வருஷம் பயிற்சிக்குப் போகிறேன், கையேடுகள் பீரோ நிறைய இருக்கின்றன. இப்போது ‘ஆய்வு அடிப்படையிலான வாசிப்புப் பயிற்சி’ என்று ஆன்லைனில் 6 மாதப் படிப்பு ஒன்று வந்திருக்கிறது, 22,000 ரூபாய், சான்றிதழும் தருகிறார்கள். சேரலாமா? இல்லை, கோளாறே என்னிடம்தானா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கோளாறு உங்களிடம் இல்லை. 14 பேரில் 5 பேருக்கு வாசிக்க வரவில்லை என்று எண்ணிச் சொல்கிறீர்களே, பாதிப் பள்ளிகளில் அந்தக் கணக்கே யாரிடமும் இருக்காது. 22,000 ரூபாய் கொஞ்ச நாள் உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிவதற்குப் பல வருஷம் முன்னால், நானும் கருத்தாளராக நின்று ஐந்து நாள் வாசிப்புப் பயிற்சி ஒன்றை நடத்தினேன். சார்ட், குழுப் பாட்டு, மின்னட்டை என்று ஒன்றையும் விடவில்லை. கடைசி நாள் பின்னூட்டத் தாளில் எல்லாரும் ‘மிக நன்று’ போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதம் கழித்து, பயிற்சியில் முன்வரிசையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்த ஓர் ஆசிரியரின் வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் ராகம் போட்டுக் கோரஸாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் அருமையாக வாசித்தான். அவன் விரித்து வைத்திருந்தது வேறு பாடத்தின் பக்கம். அந்த ஆசிரியர் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: “சார், நீங்க சொன்னதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. திங்கக்கிழமை காலையில எந்தப் பிள்ளைகிட்ட எந்த எழுத்துல ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல.”

அந்த ஐந்து நாளில் நான் அவர்களுக்கு ஒரு குழந்தையைக்கூடக் காட்டியிருக்கவில்லை. முழுக்க ஆசிரியர்களை வைத்து ஆசிரியர்களுக்கே நடத்திய நாடகம் அது.

இது என் ஒருவன் அனுபவம் மட்டும் அல்ல. தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில், செட்ஸ்வானா என்ற தாய்மொழியில் வாசிக்கக் கற்பிக்கும் ஆசிரியர்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்கு மையத்தில் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு, பயிற்றுநர் பள்ளிக்கே வந்து வகுப்பில் உட்கார்ந்து, கூடவே பாடம் எடுத்துக் காட்டித் திருத்தினார். பாடக்குறிப்பும் வாசிப்பு நூல்களும் இரண்டு பிரிவுக்கும் ஒன்றுதான். இரண்டு வருஷம் கழித்துப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்தால், வகுப்புக்குள் ஆள் வந்த பிரிவில் கிடைத்த முன்னேற்றம் மற்றதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. செலவு அதிகம்தான். ஆனாலும் பலன் அங்கேதான் இருந்தது.

ஆகவே அந்தப் படிப்பு நடத்துகிறவர்களிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி: “நான் பாடம் எடுப்பதை உங்களில் யாராவது பார்ப்பீர்களா? நேரிலோ வீடியோவிலோ?” இல்லை என்றால், வீட்டில் உட்கார்ந்து காணொளி பார்க்க 22,000 ரூபாய் அதிகம்.

இரண்டாவது கேள்வி: “உதாரணங்கள் எந்த மொழியில்?” இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

‘ஆய்வு அடிப்படை’ என்று இன்று விற்கப்படுகிற வாசிப்புப் பயிற்சிகளில் பெரும்பாலானவற்றின் வேர் ஆங்கிலத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் தேசிய வாசிப்புக் குழு ஒன்று 2000-இல் ஆய்வுகளை எல்லாம் அலசி ஐந்து விஷயங்களைப் பட்டியலிட்டது: சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைக் காதால் பிரித்தறிவது, எழுத்தையும் ஒலியையும் முறையாக இணைப்பது, சரளம், சொல்வளம், பொருள் உணர்தல். அதற்கும் முன்னால், 1986-இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரே வரியில் ஒரு கணக்குப் போட்டார்கள்: எழுத்தைக் கூட்டும் திறனைப் பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். இந்தக் கணக்கை மட்டும் மறக்காதீர்கள். உங்கள் ஐந்து பிள்ளைகளும் இதற்குள்தான் இருக்கிறார்கள்.

இவை எல்லாம் தமிழுக்கும் பொருந்தும். எப்படி வகுப்பில் செய்வது என்பதுதான் வேறு. ஆங்கிலத்தில் 26 எழுத்து, 44 ஒலி போல இருக்கும். ஒரே எழுத்து சொல்லுக்கு ஒரு ஒலி கொடுக்கும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் அங்கே ஃபோனிக்ஸ் என்கிற எழுத்து-ஒலி இணைப்புப் பயிற்சி. நமக்கு அந்தத் தலைவலி குறைவு. நம் தலைவலி 247. பக்கத்து வீட்டுக் கன்னடத்தில் சோனாலி நாக் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வுகளில் இதே சங்கதி வந்திருக்கிறது: ஆங்கிலக் குழந்தை ஓரிரு வருஷத்தில் முடிக்கும் எழுத்துப் பாடம், கன்னடக் குழந்தைக்கு மூன்றாம், நான்காம் வகுப்பு வரை இழுக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டிய எழுத்து வடிவங்கள் அவ்வளவு. நமக்கும் அதே குடும்பத்து எழுத்து. ஆக, மூன்றாம் வகுப்புப் பிள்ளை உயிர்மெய்யில் தடுமாறினால் அதனாலேயே அவன் மக்கு ஆகிவிடவில்லை. யாராவது அவனுக்கு அந்த வடிவங்களை ஒழுங்காகக் கட்டிக் கொடுத்தார்களா என்று பாருங்கள்.

எங்கே தடுக்கும் என்று ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். ஒடுகத்தூர் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு பள்ளி. மூன்றாம் வகுப்பு. “காகம்” என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். விரல் வைத்து, நிதானமாக, “க… ர… க… ம்… கரகம்” என்றான். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கோ அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏனென்றால் அவன் ஊகிக்கவில்லை, மனப்பாடம் ஒப்பிக்கவில்லை. உண்மையாகவே எழுத்துக் கூட்டினான். துணைக்காலை ‘ர’ என்று நினைத்துவிட்டான், அவ்வளவுதான். அச்சில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரியவர்களுக்கே ஒரு நொடி ஆகும். அடுத்து “கொக்கு” காட்டினேன். “கெ… ர… க்… கு, கெரக்கு.” அதே கால், அதே ‘ர’. இந்த ஒரே ஒரு தப்பு ஆகார வரிசை, ஒகர ஓகார வரிசை முழுவதையும் அவனுக்குப் பூட்டி வைத்திருந்தது. அரை மணி நேரம் ‘கர – கா’, ‘மர – மா’, ‘பர – பா’ என்று ஜோடி ஜோடியாக எழுதிக் காட்டி வாசிக்க வைத்தோம். கடைசியில் ‘காகம்’ சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

இன்னும் இரண்டு இடம் உண்டு. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சங்கிலிக்கொம்பும் கண்ணுக்கு முதலில் வரும், காதுக்குப் பின்னால் வரும். இடமிருந்து வலமாகப் போ என்று சொல்லிக்கொடுத்த நாமே, இங்கே மட்டும் ‘கொஞ்சம் பொறு, அடுத்த எழுத்தைப் பார்த்துவிட்டு வா’ என்கிறோம். உகரம் அதைவிட மோசம்: கு, டு, து, ரு, என்று ஆளுக்கொரு வால். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணை, லை, னை எல்லாம் நேராயின, யானைத் துதிக்கை போனது. உகர ஊகாரத்தை மட்டும் தொடவில்லை. அதனால் உகரத்துக்கு ஒரு விதி சொல்லி முடித்துவிட முடியாது. வரிசையாக, தனித்தனியாக, சொற்களில் வைத்துத்தான் பழக்க வேண்டும். ஆங்கிலத்தை வைத்துச் செய்த படிப்பில் இதில் ஒன்றுகூட இருக்காது.

பெருக்கல் கணக்கின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன். நம் ஊர்ப்பக்கம் ‘பழம்’ என்பதைப் ‘பயம்’ என்றுதான் பாதிப் பிள்ளைகள் வாசிக்கும். வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘என்னடா பயம்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘வாயப்பயம் டீச்சர்’ என்று வந்தால் அவன் சரியாகத்தான் வாசித்திருக்கிறான். உச்சரிப்பை வேறொரு நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். வாசிப்பின் நடுவில் நிறுத்தித் திருத்தினால், படித்தது தப்பு என்று அவன் நினைத்துக்கொள்வான். அதேபோல, ‘இருக்கிறது’ என்று தெளிவாக வாசிக்கிற பிள்ளைக்கு அது தன் வீட்டுக் ‘கீது’தான் என்று தெரியாமல் போகலாம். பத்தியை வாசித்ததும், ‘சரி, இதை உங்க அம்மாகிட்ட சொல்ற மாதிரி சொல்லு’ என்று கேளுங்கள். வரும் பதிலில் பொருள் புரிந்ததா என்று தெரிந்துவிடும்.

உங்கள் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் இது இன்னும் முக்கியம். ‘ஆடு மேய்ந்தது’ என்று வாசிக்கிறாள் என்று வையுங்கள். தெலுங்கில் ‘ஆடு’ என்றால் விளையாடு. எழுத்து சரி, ஒலி சரி, மனதில் ஆடே வரவில்லை. தமிழ் எழுத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பக்கம், பங்கு, பகல் மூன்றிலும் ஒரே ‘க’, மூன்றிலும் வேறு வேறு ஒலி. தமிழ் வீட்டுப் பிள்ளை ப-க-ல் என்று வல்லொலியில் கூட்டினாலும், அந்தச் சொல் ஏற்கெனவே அவன் வாயில் இருப்பதால் சட்டென்று ‘பகல்’ என்று பிடித்துக்கொள்வான். அந்தச் சொல்லே தெரியாத பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவர்களுக்குக் கூடுதல் எழுத்துப் பயிற்சி மட்டும் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. பாடத்தில் வரப்போகும் பத்துச் சொல்லை முதல் நாளே வாயால் பேசிப் பழக்கிவிட வேண்டும்.

மூன்றாவது கேள்வி ஒன்றும் கேளுங்கள்: “பிள்ளைகளைக் காட்சிவழி, செவிவழி, செயல்வழி என்று கற்கும் பாணி பார்த்துப் பிரிக்கச் சொல்வீர்களா?” ஆமாம் என்றால் அப்படியே போனை வைத்துவிடுங்கள். பாணி பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ‘ஆய்வு அடிப்படை’ என்று பலகை மாட்டிக்கொண்டு அதையே விற்கிற கடைகளும் இருக்கின்றன.

சரி, படிப்பில் சேராமல் என்ன செய்வது? நாளைக்கே தொடங்கலாம். ஐந்து பேரையும் தனித்தனியாக, ஆளுக்கு இருபது நிமிஷம், மற்ற பிள்ளைகள் காதில் விழாத இடத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். பாடப்புத்தகம் வேண்டாம், அது அவர்களுக்கு மனப்பாடம். ஒரு தாளில் பத்து நிஜச் சொற்கள், பத்துப் பொய்ச் சொற்கள் எழுதுங்கள்: டமி, பெகு, மோலா, தூபை என்கிற மாதிரி அர்த்தமே இல்லாதவை. பொய்ச் சொல்லை யாரும் மனப்பாடம் செய்திருக்க முடியாது, படம் பார்த்து ஊகிக்கவும் முடியாது. பிள்ளை என்ன சொல்கிறதோ, தப்போடு அப்படியே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ‘தவறு’ என்று பெருக்கல் குறி போடாதீர்கள்; ‘கெரக்கு’ என்று எழுதுங்கள். வெறும் பெருக்கல் குறியிலிருந்து ஒன்றும் தெரியாது. ‘கெரக்கு’ என்ற ஒரு சொல்லில் அடுத்த வாரப் பாடமே இருக்கிறது.

அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். நிலை பார்த்துச் சொல்லிக்கொடுப்பது நல்ல யோசனைதான். உலகம் முழுக்கச் சோதித்துப் பார்த்த யோசனை. ஆனால் ‘அரும்பு’ என்ற சொல், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டுமே தவிர, எந்தக் கல் தடுக்குகிறது என்று காட்டாது. அந்தக் கல்லைத் தேடத்தான் இந்த இருபது நிமிஷம்.

அப்புறம், தினமும் காலையில் இந்த ஐந்து பேருக்கும் இருபது நிமிஷம். 18 மெய்யும் முடியட்டும், பிறகு குறிகள் என்று காத்திருக்காதீர்கள். க, ட, ப, ம, ர போல ஐந்தாறு எழுத்தோடு துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்து, வாசிக்கக்கூடிய சொற்களை அன்றைக்கே கொடுங்கள்: மரம், மாடம், பாடம், காரம். முதலில் காதுக்கு: ‘ம், ஆ சேர்ந்தா என்ன?’ பிறகு கண்ணுக்கு. பிறகு கைக்கு: நீங்கள் சொல்ல, பார்க்காமல் எழுதட்டும். நம் பழைய சொல்வதெழுதுதலை யாரும் கேவலமாக நினைக்க வேண்டாம். ஒலியை எழுத்தாக்குவதும் எழுத்தை ஒலியாக்குவதும் ஒரே பாதையில் போய்வருவதுதான். கடைசி ஐந்து நிமிஷம், நாலு வரிப் பத்தி ஒன்றை மூன்று முறை வாசிக்கட்டும். கோரஸ் வேண்டாம், ஒருவர் வாசிக்க மற்றவர் விரல் வைத்துப் பின்தொடரட்டும். நிமிஷத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கில அட்டவணையை யாராவது கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கு’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதே விஷயம் ஐந்தாறு சொல் ஆகும். 2022-இல் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. மூன்றாம் வகுப்புக்கு நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்விலேயே மொழிவாரியாகத்தான் அளவு வைத்தார்கள்.

உங்களுக்கான பயிற்சி என்ன என்று கேட்டீர்களே. ஈராசிரியர் பள்ளியில் இன்னொருவர் இருக்கிறார் இல்லையா, அவரோடு ஓர் ஒப்பந்தம் போடுங்கள். வாரம் ஒரு நாள், இருபது நிமிஷம், உங்கள் போனை ஜன்னலில் சாய்த்து வைத்து உங்கள் பாடத்தைப் பதிவு செய்யுங்கள். சாயங்காலம் இருவரும் பாருங்கள், பார்த்ததும் அழித்துவிடுங்கள். பிள்ளைகள் முகம் எந்தக் குழுவுக்கும் போகக் கூடாது. ஒன்றே ஒன்றை எண்ணுங்கள்: அந்த இருபது நிமிஷத்தில் ஐந்து பேரில் ஒவ்வொருவரும் எத்தனை சொல் தானாக வாசித்தார்கள்? முதல் வாரம் எண்ணிக்கையைப் பார்த்து உங்களுக்கே மனசு கஷ்டமாக இருக்கும். நான் முதல்முறை என் பாடத்தைப் பதிவு செய்து பார்த்தபோது, பேசியதில் முக்கால்வாசி நான்தான்.

வட்டார வளமையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் வருவார். நோட்டுகளை எடுத்து நீட்டாதீர்கள். ‘சார், இந்தப் பையன்கிட்ட பத்து நிமிஷம் உட்கார்ந்து இந்தத் தாளை வாசிக்க வைங்க, அவன் எங்க நிக்கிறான்னு நீங்களும் சொல்லுங்க’ என்று கேளுங்கள். சிலர் நழுவுவார்கள். உட்காருகிறவர் ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். அந்த 22,000 ரூபாய் படிப்பில் கிடைக்காதது அவரிடம் இலவசமாகக் கிடைக்கும். குறுவள மையக் கூட்டத்திலும் அந்தத் தாளை எடுத்துப் போடுங்கள். அங்கே வருகிற இன்னொரு பள்ளி டீச்சருக்கும் ஒரு ‘கெரக்கு’ இருக்கும்.

ஆறு மாதம் இப்படிச் செய்துவிட்டு, அப்போதும் அந்தப் படிப்பு வேண்டும் என்று தோன்றினால், முன்னால் சொன்ன மூன்று கேள்விக்கும் நல்ல பதில் வந்தால், தாராளமாகச் சேருங்கள். அப்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போவீர்கள்.

முத்து முத்தாக எழுதுகிற அந்தப் பெண்ணை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். அவள் எழுதவில்லை, வரைகிறாள். நமக்குச் சீன எழுத்தைக் கொடுத்தால் வரைவோமே, அப்படி. அவளிடம் ஒரு சின்னச் சோதனை: கரும்பலகை இல்லாமல், நீங்கள் வாயால் ‘படம்’ என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். அப்புறம் எழுத்தே இல்லாமல், ‘படம், பல், மரம், இதில் எது வேற மாதிரி ஆரம்பிக்குது?’ என்று கேளுங்கள். காதிலேயே பிரிக்க முடியவில்லை என்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் கண், காது இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து நன்றாகப் பார்த்து எழுதுகிற பிள்ளைக்குக் காது மந்தமாக இருந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் வகுப்பில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமே காட்டலாம். எல்லாம் சரியாக இருந்து, மூன்று நான்கு மாதம் தினசரிப் பயிற்சிக்குப் பிறகும் நகரவில்லை என்றால், வளமையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே இருக்கிறது, அவளுக்குச் சலுகையும் உதவியும் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ்ஸுக்குக் காசாகும் என்பதை மனதில் வைத்துப் பேசுங்கள். முடிந்தால் முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். பேசும்போது ‘உங்க பொண்ணுக்குப் படிப்பு வரல’ என்று தொடங்க வேண்டாம். ‘கையெழுத்து இந்த வகுப்பிலேயே இவளுக்குத்தான் அழகு’ என்று தொடங்குங்கள். அது உண்மையும்தானே.